மாமியின் கௌப்பியும் அம்மம்மாவின் கௌப்பியும்

விதைமுட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வாசகி, ஒட்டுசுட்டான்): எங்கள் அம்மம்மா வைத்திருந்த சிவத்தக் கௌப்பியை 2009 இல் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனோம். மனிக்பாம் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்து அதையே நட்டு இன்றுவரை வைத்திருக்கிறோம். நெடுங்கேணியில் மாமி வீட்டிலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. தன்னுடையதுதான் பழைய விதை, எங்களுடையது நிவாரணத்தில் தந்த விதையோடு கலந்துபோய்விட்டது என்று மாமி சொல்கிறா. விதைக்குள் இருக்கும் புரதத்தைப் பரிசோதித்தால் கண்டுபிடிக்கலாம் என்று கம்பசில் படிக்கும் என் மகன் சொல்கிறான். உண்மையா ஐயா? இரண்டிலும் ஒவ்வொரு பிடி அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தங்கச்சி, கடிதத்தை வாசிக்க முன்னமே பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். கொப்பித் தாளில் மடித்து ஒன்றில் ‘அ’ என்றும் மற்றதில் ‘மா’ என்றும் எழுதியிருந்தது. இரண்டையும் சுளகில் பக்கம் பக்கமாகக் கொட்டி, விறாந்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி போடாத கண்ணுக்கு இரண்டும் ஒரே விதைதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூக்கைப் பார்த்தேன். விதை காயோடு ஒட்டியிருந்த அந்த வெள்ளைத் தழும்பைத்தான் எங்கள் பக்கத்தில் மூக்கு என்போம். ‘அ’வில் மூக்கைச் சுற்றி மயிர் தடிப்பில் ஒரு கறுத்த வளையம், பார்த்த விதை எல்லாவற்றிலும் இருந்தது. ‘மா’வில் 30 விதை எண்ணினேன். 26 இல் வளையம் இருந்தது, 4 இல் இல்லை. இதை இப்போதைக்கு மாமிக்குச் சொல்ல வேண்டாம். ஒன்றும் முடிவாகவில்லை.

மகன் சொன்னது உண்மைதான். விவசாயப் போதனாசிரியராக வன்னிக்கு வர முன்னர், மலைநாட்டில் ஒரு ஆய்வுகூடத்தில் மூன்று வருடம் இந்த வேலைதான் செய்தேன். கௌப்பி விதையின் நிறையில் நாலில் ஒரு பங்குக்குக் கிட்டப் புரதம். நாளைக்கு முளைக்கப்போகிற குஞ்சுக்குத் தாய் கட்டிக்கொடுத்த சோறு அது. அந்தப் புரதம் ஒரே வகையல்ல, பல வகை; ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருமன். எந்தப் பருமனில் எது வரும் என்பதை மரபணு தீர்மானிக்கிறது. பசளை கூடப் போட்டால், மழை குறைந்தால், புரதத்தின் அளவு கூடிக் குறையும். ஆனால் இல்லாத வகை புதிதாக வந்துவிடாது. இலையின் அகலமும் கொடியின் நீளமும் மண்ணுக்கு மண் மாறும். இது அப்படி மாறாது. இனங்களைப் பிரித்துப் பார்க்க ஆட்கள் விதைப் புரதத்தை நாடியது அதனால்தான்.

செய்கிற விதத்தைச் சொல்கிறேன். விதையை ஊறவைத்துத் தோலை உரிப்போம். முளை இருக்கிற பக்கத்தை விட்டு, எதிர்ப்பக்கப் பருப்பில் பிளேட்டால் ஒரு சீவல் எடுப்போம். வடிவாகச் சீவினால் மிச்ச விதை முளைக்கும். அதைச் சட்டியில் ஊன்றிவிடலாம். ஒரே ஒரு முட்டி விதைதான் மிஞ்சியிருக்கிற வீட்டுக்கு இது பெரிய காரியம். அந்தச் சீவலை அரைத்து, சோடியம் டொடெசைல் சல்பேற்று என்ற பொருள் கலந்த கரைசலில் போட்டு, ஐந்து நிமிடம் கொதிக்கிற தண்ணீரில் வைப்போம். பயப்பட ஒன்றுமில்லை, பற்பசையில் நுரை எழுப்புகிறதும் அதுதான். சுருண்டு கிடக்கிற புரதத்தை அது நூல்போல இழுத்து நேராக்கும், எல்லாவற்றுக்கும் ஒரேமாதிரியான எதிர் மின்னேற்றத்தையும் கொடுக்கும். கூடவே மெர்கப்ரோஎதனோல் என்று ஒன்று சேர்ப்போம், புரதத்துக்குள் இருக்கிற கந்தகப் பிணைப்புகளை அறுக்க. அதன் நாற்றம் கூழ்முட்டை நாற்றம். அந்த மூன்று வருடமும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஆட்கள் இருக்கத் தயங்கினார்கள்.

பிறகு ஜெல். இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் உறையவைத்த மெல்லிய படலம். நுங்கை ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் சீவி எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. மேல் விளிம்பில் சீப்புப் பல்லுப்போலக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒவ்வொரு விதையின் சாறு, ஒரு துளியில் ஐந்தில் ஒன்று. மேலே எதிர் முனையும் கீழே நேர் முனையும் கொடுத்து மின்சாரத்தை விட்டால் புரதம் எல்லாம் கீழ்நோக்கி ஓடும். சின்னது ஜெல்லின் கண்களுக்குள்ளால் புகுந்து விரைவாகப் போய்விடும், பெரியது பின்தங்கும். முடிவில் நீலச் சாயத்தில் போடுவோம். கூமாசி நீலம் என்று பெயர். ஆபிரிக்காவில் கானா நாட்டிலுள்ள குமாசி நகரத்தின் பெயரை ஆங்கிலேயர் ஒருகாலத்தில் கம்பளிச் சாயத்துக்கு வைத்தார்கள். அந்தச் சாயத்தின் வழியில் வந்தது இது. கௌப்பியும் ஆபிரிக்காவில் இருந்து வந்த பயிர்தான். இரண்டும் ஒரு கண்ணாடித் தகட்டில் வந்து சந்தித்ததை நினைத்து நான் தனியாகச் சிரித்திருக்கிறேன். மேலதிகச் சாயம் கழுவுப்பட்டுப் போனதும், ஒவ்வொரு குழிக்கும் கீழே நீல வரிகள் தெரியும், கடைச் சாமான்களில் கறுப்புக் கோடு கோடாக அச்சடித்திருக்குமே, அதுபோல.

உங்கள் ‘அ’வையும் ‘மா’வையும் பக்கத்துப் பக்கத்துக் குழியில் ஓட்டினால் என்ன தெரியும்? ஒன்றில் இருக்கிற வரி மற்றதில் இல்லையென்றால், அந்த இரண்டு விதையும் வேறு வேறு. அதற்கு மேல் வழக்கில்லை. ஆனால் வரிகள் எல்லாம் ஒத்துப்போனால், ‘அ’வும் ‘மா’வும் ஒரே இனம் என்று நான் கையெழுத்து வைக்கமாட்டேன். இரண்டு பேருக்கும் ஓ பொசிற்றிவ் இரத்தம் என்பதற்காக அவர்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஆவார்களா? ஒரே பயிருக்குள் நெருங்கிய வகைகள் பலவற்றுக்கு விதைப் புரதம் ஒரேமாதிரி வரும். பூவின் நிறம், காய் நிமிர்ந்து நிற்பதா தொங்குவதா, எத்தனை நாளில் பூக்கும் என்பதெல்லாம் வேறு மரபணுக்களின் வேலை. ஜெல் அதையெல்லாம் பார்ப்பதில்லை. வேறு என்றால் வேறு. ஒன்று என்றால் ‘இந்தப் பரிசோதனையில் வேறுபாடு தெரியவில்லை’, அவ்வளவுதான்.

எது பழசு என்ற கேள்விக்கு ஜெல்லில் பதிலே கிடையாது. புரதத்துக்கு வயது தெரியாது. நிவாரண விதை கலந்ததா என்று பார்ப்பதென்றால், பக்கத்தில் அந்த விதையும் வேண்டும். அந்த நாளில் தந்தது எந்தக் கௌப்பி இனம், வருணியா, எம்.ஐ. 35ஆ, வேறேதுமா? பை கிழிந்தாலும் அதிலே பெயர் எழுதிய துண்டை யாராவது வைத்திருப்பார்கள், ஊரில் விசாரியுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் வரிகளை மட்டும் பார்த்துக் கலப்பு என்று சொல்வது, பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்துத் தகப்பன் யாரென்று சொல்வது போல.

இன்னொன்று, எத்தனை விதை. மகன் ஒரு பிடியை அரைத்து ஒரே குழியில் விடப் பார்ப்பான். விடவேண்டாம். நூற்றில் ஐந்து விதை கலப்பென்றால் அந்தச் சின்னப் பங்கு மாவோடு மாவாக மறைந்துவிடும். விதை விதையாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் 20 விதை போதாது. நூற்றுக்கு 5 கலப்பு இருக்கையில் 20 ஐ எடுத்தால், மூன்று தடவையில் ஒரு தடவை கலப்பு விதை ஒன்றுகூடக் கையில் அகப்படாது. 60 எடுத்தால்தான் அந்தத் தவறு இருபதில் ஒன்றாகக் குறையும். 60 விதைக்கு ஆய்வுகூடத்துக்கு எத்தனை ஜெல், எவ்வளவு செலவு என்று மகனையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அதனால் முதலில் செலவில்லாத பரிசோதனை. காலபோக மழை பிடித்ததும் கிணற்றடிக்கு மேலே மேட்டுக் காணியில் இரண்டு வரிசை, ‘அ’ ஒன்று, ‘மா’ ஒன்று. வரிசைக்கு 30 கன்று, ஒரே நாளில், ஒரே பசளை. மூக்கில் வளையம் இல்லாத அந்த 4 விதையையும் வரிசையின் முடிவில் தனியாக நட்டுக் குச்சி ஊன்றிவிடுங்கள். முதல் பூ எந்த நாள், பூ வெள்ளையா ஊதாவா, காயின் நுனி என்ன நிறம், கொடி ஓடுதா பற்றையாக நிற்குதா, எல்லாம் கொப்பியில் ஏறட்டும். காய்ந்ததும் இரண்டிலும் ஒவ்வொரு பேணி எடுத்து ஒரே அடுப்பில் அவித்துப் பாருங்கள். எது முந்தித் தோல் வெடிக்குது, எது மாப்போல வருகுது என்பதில் உங்களுக்கும் மாமிக்கும் இருக்கிற கைப்பழக்கத்துக்கு எந்த இயந்திரமும் கிட்ட வராது. கட்டைச்சம்பலோடு ஆளுக்கொரு பீங்கான் சாப்பிட்டுவிட்டு, வரிசைகளில் வேறுபாடு தெரியாவிட்டால் மட்டும் ஜெல்லுக்குப் போகலாம்.

கேள்வி (வாசகர், மல்லாவி): நான் வெள்ளைக் கௌப்பிதான் நடுகிறேன். மூன்று போகமாக ஒரு பிழையுமில்லை. இந்தமுறை ஒரு செடி மட்டும் கொடியாக ஓடி, காய் முழுக்கக் கறுத்த விதை. கடைக்காரன் விதையைக் கலந்து தந்துவிட்டானா?

பதில்: கடைக்காரனை விடுங்கள். வேலியில் பயிற்றங்கொடி விட்டிருந்தீர்களா, அதன் விதை கறுப்பா என்று முதலில் சொல்லுங்கள். பயிற்றங்காயும் கௌப்பியும் பார்வைக்குத்தான் வேறு, இனம் ஒன்று. சேர்ந்தால் பிள்ளை பிறக்கும். கௌப்பிப் பூ விடியற்காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும். விரிய முன்னமே தன் மகரந்தம் தனக்கு விழுந்துவிடுவதால் கலப்பு அருமை. அருமை என்றால் இல்லை என்றல்ல. பெரிய கறுத்த வண்டு ஒன்று விடியவே பூவுக்குள் மூக்கை நுழைப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

நடந்தது இப்படியிருக்கும். போன போகத்தில் உங்கள் வெள்ளைக் கௌப்பிப் பூவொன்றில் பயிற்றை மகரந்தம் விழுந்தது. அந்த விதையை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்திருந்தாலும் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும். ஏனென்றால் விதைத் தோல் தாயின் சொத்து. உள்ளே இருக்கிற பருப்பும் முளையும்தான் பிள்ளை. பிள்ளை கலப்பு, போர்த்தியிருக்கிற சீலை தாயுடையது. அந்த விதை இந்தப் போகம் முளைத்து, அதுவே தாயாகிக் காய்த்தபோதுதான் கறுத்தத் தோல் வெளியே வந்தது.

ஒட்டுசுட்டான் தங்கச்சிக்கு எழுதியதில் சொல்லாமல் விட்ட ஒரு விசயம் இங்கே வருகிறது. தாய்க்கும் தகப்பனுக்கும் புரத வரிகள் வேறென்றால், அந்த முதல் கலப்பு விதையின் பருப்புச் சீவலில் இரண்டு பேருடைய வரிகளும் சேர்ந்தே தெரியும். கண்ணுக்கு வெள்ளை, ஜெல்லுக்குக் கலப்பு. ஒரு போகம் முந்தியே பிடித்துவிடலாம். இந்தப் பரிசோதனை உண்மையாகவே கண்ணை வெல்கிற இடம் இது ஒன்று.

அந்தச் செடியின் விதையைச் சமையுங்கள், விதைக்கு எடுக்க வேண்டாம். எடுத்தால் அடுத்த போகம் நிறம் நிறமாகப் பிரியும். அதிலும் ஆசையிருந்தால் தனிப் பாத்தியில் நட்டு விளையாடிப் பாருங்கள், நானும் விளையாடியிருக்கிறேன்.

கேள்வி (வாசகி, வவுனியா): கனடாவில் இருந்து வந்த தங்கச்சி ஒரு பை சிவத்த அவரை கொண்டுவந்தாள், கிட்னி பீன்ஸ் என்று. இது எங்கள் அவரையின் சாதியா, கௌப்பியின் சாதியா? நட்டால் வருமா?

பதில்: இரண்டின் சாதியுமில்லை, போஞ்சியின் சாதி. நுவரெலியாவில் இருந்து லொறியில் வருகிற பச்சைப் போஞ்சியை முற்றவிட்டு விதை எடுத்தால் என்னவோ அதுதான். எங்கள் வேலியில் ஏறுகிற அவரை வேறு, கௌப்பி வேறு. ஜெல்லில் போட்டால் இந்த மூன்றும் அத்தைக்கும் அயலாளுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரிப் பளிச்சென்று பிரியும். பயிர்களுக்கு இடையில் பிரிக்க இந்த முறைக்கு நிகரில்லை. ஒரு பயிருக்குள்ளே பிரிக்கத்தான் திணறும்.

ஆனால் போஞ்சியில் அது திணறவில்லை. போஞ்சி விதையில் பெரும்பங்காக இருக்கிற புரதத்துக்கு ஃபசியோலின் என்று பெயர். அது ஜெல்லில் ஒற்றை வரியாக வராது, நெருக்கமான சில வரிகளின் கூட்டமாக வரும். அந்தக் கூட்டத்தின் அமைப்பு இனத்துக்கு இனம் மாறும். ஒரு அமைப்புக்கு சனிலாக் என்ற இனத்தை வைத்து ‘எஸ்’ என்றும், இன்னொன்றுக்கு ரெண்டர்கிறீன் என்ற இனத்தை வைத்து ‘ரி’ என்றும் பெயர். 1986 இல் போல் கெப்ற்ஸ் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் காட்டுப் போஞ்சிகளையும் கமக்காரர் காலங்காலமாக வைத்திருந்த நாட்டுப் போஞ்சிகளையும் இப்படிப் பார்த்து எழுதினார்கள். மெக்சிக்கோப் பக்கத்து விதைகளில் ‘எஸ்’, தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப் பக்கத்தில் ‘ரி’யும் வேறு சிலவும். அந்தந்தப் பக்கத்துக் காட்டு விதையிலும் அந்தந்த அமைப்பே. ஆகவே போஞ்சியை மனிதர் ஒரே இடத்தில் பழக்கி எல்லா இடமும் கொண்டுபோகவில்லை, குறைந்தது இரண்டு இடத்தில் தனித்தனியாகப் பழக்கினார்கள் என்று முடிவுக்கு வந்தார்கள். நான் அதை வாசித்த அன்றைக்குத்தான், ஜெல் ஊற்றுகிற வேலை கூலிவேலை அல்ல என்று எனக்குப் பட்டது.

நடுகிற விசயம். போஞ்சிக்கு மலைநாட்டுக் குளிர் வேண்டும். வவுனியா வெயிலில் பூ கொட்டும். அதோடு, வெளிநாட்டு விதையைத் தாவரத் தொற்றுக்காப்புக்குக் காட்டாமல் கொண்டுவந்து நடக்கூடாது, அது சட்டம். காட்டாத விதையோடு எங்களிடம் இல்லாத நோயும் வரும். சமைப்பதானால் இரவு முழுக்க ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு அவியுங்கள். அதிலே லெக்ரின் என்ற இன்னொரு புரதம் இருக்கிறது. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுக்கவைக்கும்.

கேள்வி (மாணவன், கிளிநொச்சி): இப்போது டிஎன்ஏ பரிசோதனை இருக்கும்போது புரதம் எதற்கு?

பதில்: வேறுபாட்டைப் பிடிப்பதில் டிஎன்ஏதான் கூர்மை, மறுக்கவில்லை. புரதம் மலிவு, சின்ன ஆய்வுகூடத்தில், படிக்கிற பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து ஒன்றிரண்டு நாளில் முடிவைப் பார்க்கலாம். அறிவியல்நகரில் உங்கள் விவசாய பீடம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். ஜெல் ஊற்றும்போது கையுறை போடாமல் தொடவேண்டாம். ஜெல்லாக உறைகிற பொருள் அக்ரிலமைட், உறைய முந்தி அது நரம்புக்கு நஞ்சு.

கேள்வி (வாசகி, புதுக்குடியிருப்பு): நாட்டுக் கௌப்பியை வண்டு குத்தாமல் வைக்க வழி? குத்தின விதையைப் பரிசோதனைக்கு அனுப்பலாமா?

பதில்: பிந்தினதற்கு முந்திப் பதில்: அனுப்ப வேண்டாம். ஓட்டைக்குள் புழு இருந்தால் விதையின் புரதத்தோடு புழுவின் புரதமும் ஜெல்லில் ஏறி, இல்லாத வரி இருக்கிறதாகக் காட்டும்.

வண்டு காய்ந்த காயிலேயே, காணியில் வைத்தே முட்டையிட்டுவிடும். அதனால் காய் காய்ந்த உடனே பிடுங்கி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, ஆறவிட்டுப் பிறகு முட்டியில் போடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்க்கும். அடுப்புச் சாம்பலை அரித்து விதையோடு பிசறி, மேலேயும் ஒரு தட்டுச் சாம்பல் போட்டு, வாயைச் சீத்தைத் துணியால் கட்டிப் புகை படுகிற இடத்தில் வைத்தார்கள் எங்கள் ஆட்கள். சாம்பல் விதைகளுக்கு இடையிலுள்ள வெளியை அடைத்துவிடும், வண்டுக்கு நடமாட இடமிருக்காது. காய்ந்த வேப்பிலையும் போடலாம். எல்லாவற்றையும் ஒரே முட்டியில் வைக்காதீர்கள், பாதியை மற்ற வீட்டில் வையுங்கள். கண்டிப் பக்கத்துக் கன்னொறுவையில் 1988 இல் யப்பான் உதவியோடு தொடங்கிய விதை வங்கி இருக்கிறது, அங்கே கொடுத்து வைப்பதும் நல்லது. ஆனால் மாமி வீடு பக்கத்தில்.

ஒரு சங்கதி: மெக்சிக்கோக் காட்டுப் போஞ்சி சிலவற்றில் ஆர்செலின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதைத் தின்ற போஞ்சி வண்டின் புழு வளராது. அதுவும் ஜெல்லில் தனி வரியாகத் தெரியும். இனவிருத்தி செய்கிறவர்கள் அந்த வரியைத் தேடித்தான் விதை தெரிவார்கள். எங்கள் கௌப்பிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, சாம்பல்தான்.

கேள்வி (பலர்): விதை அனுப்பலாமா? எப்படி அனுப்புவது?

பதில்: அனுப்பலாம். காய்ந்த விதை, கடுதாசிப் பையில், பிளாஸ்ரிக்கில் வேண்டாம். ஊர், வீட்டில் வழங்கும் பெயர், எந்தப் போகம், யாரிடம் வாங்கியது, எல்லாவற்றையும் பையிலேயே எழுதுங்கள், பென்சிலால். பேனையால் எழுதியவன் பட்டதைச் சொல்கிறேன். ஆய்வுகூடத்தில் 14 விதையின் ஜெல்லைக் கழுவப் போட்டேன், பெயர்த் துண்டையும் தட்டுக்குள் கூடவே போட்டுவிட்டேன். கழுவுகிற கரைசலில் மெதனோல், அது பேனை மையைக் கரைத்துவிடும். காலையில் போய்ப் பார்த்தால் ஜெல்லில் வரிகள் அழகாக இருந்தன. துண்டு வெறும் வெள்ளை. அடையாளத்துக்கு ஜெல்லின் மூலையைச் சீவவும் மறந்திருந்தேன், எது இடம் எது வலம் என்றும் தெரியவில்லை. மூன்று நாள் வேலை. பொறுப்பாக இருந்தவர் ஒன்றும் பேசவில்லை. மற்றநாள் என் மேசையில் சீவின பென்சில் ஒன்று இருந்தது.